கரிசல் காட்டில் ஒரு வைக்கோல் வழக்கு

கோவில்பட்டி நிலையத்தில் நான் இறங்கியபோது வியாழக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணி. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஐந்து கிலோ பச்சரிசி. ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்த பெரியவர், "கோவில்பட்டியில அரிசி கிடைக்காதாம்மா?" என்று கேட்டார். கிடைக்கும், ஆனால் அது என் வயல் அரிசி ஆகாது என்றேன். என் வயல் அரிசியைப் பற்றி எனக்கு அப்போது அவ்வளவு பெருமை இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் திருவாரூர். இருபது வருடங்களாக அங்கே மெஸ் நடத்துகிறேன். சோறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இது எத்தனை மாதத்து அரிசி, தண்ணீர் எவ்வளவு கேட்கும் என்று. என் மகன் வேலைக்குப் போன இடத்தில் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். கல்யாணம் கோவில்பட்டி மண்டபத்திலேயே முடிந்துவிட்டதால் சம்பந்தி வீட்டை நான் பார்த்ததில்லை. போன வாரம் சம்பந்தி சீனிராஜ் போனில் கூப்பிட்டார். "தங்கச்சி, நீங்க வந்து ஒரு தீர்ப்புச் சொல்லணும். இங்கன நாங்க ரெண்டு பேரும் மூணு வருசமா மல்லுக்கட்டுதோம்" என்றார்.

வழக்கு இதுதான். சீனிராஜுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு நெல் வயல்கள், கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று. அறுத்த வைக்கோலை அந்த மண்ணிலேயே மடக்கி உழுதால் அரிசி தரமாகும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, மூன்று வருடமாகக் கிழக்கு வயலில் அப்படிச் செய்கிறார். மேற்கு வயல் வைக்கோல் வழக்கம் போல மாடுகளுக்கு. இந்த வருடம் கிழக்கு வயல் அரிசி நன்றாக இருந்தால் இனி இரண்டு வயல் வைக்கோலும் மண்ணுக்கே என்கிறார். அப்படியானால் மாடுகளுக்குத் தீவனம் கிடையாது. சனிக்கிழமை காலை மாட்டுத் தரகர் வருகிறார். சம்பந்தியம்மா குருவம்மாளுக்கு அந்த இரண்டு மாடும் உயிர். ஆக, நான் வாயைத் திறந்து எந்த அரிசி நல்லது என்று சொல்வதில் இரண்டு மாடுகளின் தலையெழுத்து இருந்தது. போதாக்குறைக்கு, சம்பந்தி வீட்டில் ஒருவரை மகிழ்வித்து இன்னொருவரைப் பகைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு அழைப்பை எவளாவது ஏற்பாளா? நான் ஏற்றேன். பஞ்சாயத்து என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு.

மாலை 4.10. எட்டயபுரம் போகும் டவுன் பஸ். மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் இந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கு என் செலவு பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்த பெண் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள். இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். நான் முதல் தடவை வருகிறேன் என்று தெரிந்ததும் தன் பையிலிருந்து பத்துத் தீப்பெட்டி கொண்ட ஒரு பண்டலை எடுத்து என் மடியில் வைத்தாள். மேலே சிவப்பு லேபிளில் ஒரு கிளி.

"எங்க ஊருக்கு வந்த ஞாபகமா வச்சுக்கோங்க. அடுப்புக்கு ஆகும்" என்றாள்.

நன்றி சொல்லிவிட்டுப் பேச்சை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சன்னலுக்கு வெளியே ஒரு மாட்டு வண்டி வைக்கோல் பாரத்தோடு போனது. அதைக் காட்டி, "எங்க ஊர்ல இதையெல்லாம் யாரு அள்ளுறது? வயல்லயே கொளுத்திடுவாங்க" என்றேன்.

பஸ்ஸில் முன்னால் இருந்த நான்கு தலைகள் திரும்பின. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநர் கையை நிறுத்தினார்.

"என்னக்கா சொல்லுதீங்க? வைக்கலையா கொளுத்துவீய?"

"ஆமா. அடுத்து பருத்தி போடணும்ல, அவசரம்."

"மாடு?"

"மாடு யாரு வச்சிருக்கா?"

பின்சீட்டில் ஒருவர், "இங்கன ஒரு கட்டு வைக்கலுக்கு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமக் கெடக்கான்" என்றார். பக்கத்திலிருந்த பெண் என் மடியிலிருந்த பண்டலையே பார்த்தாள். "அடுப்புக்குத்தான் தந்தேன், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். திரும்பக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாலை 5 மணிக்கு எட்டயபுரம். அங்கே பஸ் மாறி எப்போதும்வென்றான். வழியெல்லாம் கரிசல். மழைக்காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். மாசியில் அது வெடித்து, என் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. சோளத்தட்டை அறுத்த கட்டைகள், அங்கங்கே பருத்தி, தூரத்தில் சோம்பலாகச் சுற்றும் காற்றாலைகள். ரோட்டோரம் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். பஸ் அந்த இடத்தைக் கடந்தபோது மொத்தப் பேரும் ஒன்றாகத் தும்மினோம். ஓட்டுநர் மட்டும் தும்மவில்லை. பழகிவிட்டதாம்.

எப்போதும்வென்றானிலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஆட்டோக்காரரிடம் சீனிராஜ் வீடு என்றதும், "வைக்கல உழுதாவளே, அவிய வீடா?" என்று கேட்டுச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மாலை 6 மணி. வீட்டுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு வைக்கோல் படப்பு. எங்கள் பக்கம் வைக்கோல் போர் என்போம், இங்கே படப்பு. இந்த வருடம் தீர்ப்பு வரும்வரை இரண்டு வயல் வைக்கோலும் இதில்தான். பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளை வீட்டுப் படப்பைத்தான் முதலில் பார்ப்பார்களாம், பிறகுதான் மாப்பிள்ளையை. குருவம்மாள் ஓடி வந்து என் பையை வாங்கினாள்.

"வாங்க மதினி. பயணமெல்லாம் சொகந்தானா? இது என்ன பை, கல்லாக் கனக்கு?"

"எங்க வயல் பச்சரிசி அண்ணி. பொங்கல் வச்சுப் பாருங்க."

அவள் அங்கேயே பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். என் பெருமையில் முதல் ஓட்டை அப்போது விழுந்தது. "இம்புட்டுக் குருணையா இருக்கே மதினி?" என்றாள், பரிதாபமாக. குருணை என்றால் உடைந்த அரிசி, எங்கள் ஊரில் நொய். மில்லில் சரியாக அரைக்கவில்லை என்று சமாளித்தேன்.

சீனிராஜ் தொழுவத்திலிருந்து வந்தார். மெலிந்த, உற்சாகமான மனிதர். கையெடுத்துக் கும்பிட்டவர் காப்பி வரும் முன்னே வழக்கை ஆரம்பித்துவிட்டார். "முத வருசம் பயிரு மஞ்சக்காமாலை வந்த மாதிரி நின்னுச்சு தங்கச்சி. வைக்கல் மக்குதப்போ மண்ணுல உள்ள சத்த அதுவே தின்னுட்டு. ஊரே சிரிச்சுச்சு. ரெண்டாம் வருசம் உழுது ரொம்ப நாள் ஆறப்போட்டு நட்டேன். பச்சைப் பசேல்னு வந்துட்டு. இப்போ மூணாம் வருசம். கண்மாயில கடைசித் தண்ணி இல்லாமப் போச்சு. கிழக்கு வயலு தாக்குப் பிடிச்சுச்சு."

"மேக்கு வயலுந்தான் விளைஞ்சுச்சு" என்றாள் குருவம்மாள் உள்ளேயிருந்து.

"விளைஞ்சுச்சு. அரிசியப் பாத்தியாட்டி?"

"தின்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

இரவுச் சாப்பாடு வரை இப்படியே போனது. சாப்பிட்டதும் சீனிராஜ் தொழுவத்துக்குப் போனார். செவலை, மயிலை என்று இரண்டு மாடுகள். வீட்டு ஆட்களோடு தமிழில் சண்டை போட்டவர் மாடுகளிடம் தங்கள் பூர்வீகத் தெலுங்கில் கொஞ்சிக்கொண்டிருந்தார். "ரா தல்லி, ரா" என்று, வா தாயே வா என்று, கழுத்தைத் தடவினார். இவரா இவற்றை விற்கப் போகிறார்? மழையில்லாக் காலத்திலும் மாடுகள் இரண்டும் எண்ணெய் தடவினது போல மினுமினுத்தன. "மேற்கு வயல் வைக்கோல் மட்டும் போதுமா அண்ணே இதுகளுக்கு?" என்று கேட்டேன். "அதான் எனக்கும் ஆச்சரியம்" என்றார். குருவம்மாள் எங்கள் இருவரையும் பார்க்காமல் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 7 மணி. வயலுக்கு நடந்தோம், ஒரு கிலோமீட்டர். அறுப்பு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மேற்கு வயல் ஓடு மாதிரி இறுகி வெடித்திருந்தது. கிழக்கு வயலில் வெடிப்பு குறைவு. காலால் மிதித்தால் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். கறுப்பு மண்ணுக்குள் மக்கிய வைக்கோல் நார் நாராக இருந்தது, மழை வாசனை வேறு. இன்னொரு பக்கம் போய் ஒரு கட்டியை உடைத்தேன். அதில் நாரைக் காணோம், ஆனாலும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலை 9.30. பக்கத்து ஊர் மில். நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, நெல்லைப் புழுக்காமல் பச்சையாக அரைக்க வேண்டும். புழுக்கினால் அரிசியின் நடுவில் இருக்கும் வெள்ளைத் திட்டெல்லாம் மறைந்து, பவுடர் பூசிக்கொண்ட முகம் மாதிரி எல்லாமே அழகாகத் தெரியும். இரண்டு, எது எந்த வயல் என்று எனக்குத் தெரியக் கூடாது. சீனிராஜ் ஒரு மூட்டையில் சிவப்புத் துணியும் இன்னொன்றில் மஞ்சள் துணியும் கட்டி, குருவம்மாளையும் வெளியே நிறுத்திவிட்டார். மில்லுக்கு வந்த ஏழெட்டுப் பேரும் அரைத்த மாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதாக இல்லை. வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

பகல் 12 மணி. முற்றத்து வெயிலில் இரண்டு சுளகுகள், எங்கள் ஊரில் முறம். சிவப்பு மூட்டை அரிசி ஒன்றில், மஞ்சள் ஒன்றில். குருவம்மாள் மூன்றாவதாக ஒரு சுளகு கொண்டு வந்து என் திருவாரூர் அரிசியைக் கொட்டினாள். "இதையும் சேத்துப் பாத்துருவோம் மதினி." இரகம் வேறு, மில் வேறு, ஒப்பிடக் கூடாது என்று நான் வாதாடினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

உட்கார்ந்து பொறுக்கினேன். மஞ்சளில் குருணை தாராளம். நல்ல அரிசியிலும் நிறையவற்றின் வயிற்றில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளை. பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் பற்றாமல் போனால் இப்படி ஆகும், அந்த இடத்தில்தான் மில்லில் உடையும். சிவப்பில் அரிசி முழுசு முழுசாக, கண்ணாடி மாதிரி. என் அரிசி? சொல்ல வெட்கமாக இருக்கிறது. மஞ்சளுக்கும் கீழே. ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊரிலிருந்து வந்தவள் நான். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வடித்தும் பார்த்தோம். புது அரிசி என்பதால் எல்லாமே கொஞ்சம் ஒட்டத்தான் செய்தது. ஆனாலும் சிவப்புச் சோறு உருமாறாமல் நின்றது, மென்றால் இனித்தது. மஞ்சள் ஓரங்களில் கரைந்திருந்தது. என்னுடையது கஞ்சிக்கு நல்லது.

சீனிராஜ் என் முகத்தையே பார்த்தார். குருவம்மாள் தொழுவத்தைப் பார்த்தாள். சிவப்பு எந்த வயல் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு நிமிடம் பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மஞ்சள்தான் நல்லது என்றால் மாடு பிழைக்கும், சம்பந்தியம்மா என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுவாள். ஆனால் இருபது வருடம் அடுத்தவர்களுக்குச் சோறு போட்டவள் நான். சோற்றில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சிவப்பு" என்றேன்.

சீனிராஜ் துள்ளினார். "கிழக்கு வயலு! சொன்னேம்லா!" குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பி அழுதாள். எனக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த வயல் மண்ணுக்குள்ள பாதி வைக்கல் போகவே இல்ல. நான் அள்ளிட்டு வந்துட்டேன்."

சீனிராஜ் துள்ளிய காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார். "எப்போ?"

"வருசா வருசம் நீங்க திருச்செந்தூருக்கு நடந்து போவீயள்லா, அப்போ. மூணு வருசமும். வைக்கல் காட்டுல கெடக்கும், மாடு இங்கன வெறுந்தொட்டிய நக்கும். எப்படிப் பாத்துட்டு இருக்க முடியும்? வடக்குப் பாதிய அள்ளிட்டேன். தெருவுல எல்லாரும் ஆளுக்கொரு கட்டுத் தூக்கி வந்து அவிய படப்புலயே வச்சுத் தந்தாவ."

ஆட்டோக்காரர் சிரித்ததற்குக் காரணம் இப்போது புரிந்தது. ஊருக்கே தெரியும். இந்தக் கரிசலில் வைக்கோல் வயலில் கேட்பாரற்றுக் கிடப்பது ரோட்டில் நகை கிடப்பது மாதிரி. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா நடந்து போகும் கால் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. இந்த மனிதர் அதை மூன்று வருடம் அங்கே போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்திருக்கிறார்.

"அப்போ வடக்குப் பாதி வெறும் மண்ணா?" என்றார் சீனிராஜ். குரல் இறங்கிவிட்டது.

"வெறும் மண்ணா விடுவேனா? வைக்கல எடுத்துட்டு மண்ணப் பட்டினி போட மனசு வரல. குப்பக்குழிச் சாணியப் பூராவும் அங்கன கொண்டு கொட்டினேன். நீங்க வந்து பாக்கதுக்குள்ள டிராக்டர் உழுதுட்டு."

காலையில் நார் இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்த மண்கட்டி எனக்கு ஞாபகம் வந்தது. அது வடக்குப் பக்கம்தான். தெற்குப் பாதி வைக்கோலை நேராகத் தின்றிருக்கிறது. வடக்குப் பாதி செவலை, மயிலை வயிற்றின் வழியாகத் தின்றிருக்கிறது. இரண்டும் கலந்துதான் சிவப்பு மூட்டை.

"அண்ணே, மாடு இல்லாம இந்த அரிசி இல்லை. வைக்கோல் இல்லாமலும் இல்லை. என் தீர்ப்பு சிவப்புதான், மாத்த மாட்டேன். ஆனா மாட்டை வித்தீங்கன்னா அடுத்த வருஷம் இது கிடைக்காது" என்றேன்.

அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் சோற்றுப் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். குருவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தொழுவத்திலிருந்து தெலுங்கு கேட்டது. திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. குருவம்மாளுக்குப் புரிந்தது. சிரித்துவிட்டாள்.

"என்ன சொல்றார் அண்ணி?"

"நீங்களும் கூட்டாளியான்னு மாடுகிட்ட கேக்குதாவ."

அன்று சாயங்காலம் தரகருக்குப் போன் போனது. "வர வேண்டாம் அண்ணாச்சி, வீட்டுல ஒத்துக்கல" என்றார் சீனிராஜ். போனை வைத்துவிட்டு, "மூணு வருசம் என்னைய ஏமாத்திருக்கா பாத்தீங்களா தங்கச்சி" என்றார் என்னிடம். அதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை 6 மணி. நான் கிளம்பும்போது சீனிராஜ் ஏணி போட்டுப் படப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார். பாதியைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார், வயலுக்கு. மீதிப் பாதி தொழுவத்துக்கு. எது பாதி என்பதில் இருவருக்கும் சண்டை ஆரம்பித்திருந்தது. "கீழ நிக்கவளுக்கு என்ன தெரியும்?" என்று மேலிருந்து ஒரு குரல். "மேல நிக்கவியளுக்குக் கண்ணு தெரியாது" என்று கீழிருந்து ஒரு குரல். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் நிற்கவில்லை. குருவம்மாள் என் பையில் ஐந்து கிலோ சிவப்பு மூட்டை அரிசியைத் திணித்தாள். என் அரிசியை என்ன செய்தாள் என்று கேட்டேன். "மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிட்டேன் மதினி, வருத்தப்படாதீங்க" என்றாள். வருத்தப்படவில்லை. அந்த அரிசியால் யாருக்காவது சந்தோஷம் கிடைத்ததே.

மாலை 5.20. திருவாரூருக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினேன், ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான என் நாலு மா வயல் ரோட்டோரம்தான் இருக்கிறது. பத்து வருடமாக என் வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் கலியபெருமாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். அறுவடை மிஷின் விட்டுப்போன வைக்கோல் வயல் நெடுக வரிசை வரிசையாகப் பொன் மாதிரி கிடந்தது. பத்து வருடமாக நான் அதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பார்த்ததேயில்லை. பக்கத்து வயல்கள் ஏற்கெனவே கறுப்பாகிவிட்டிருந்தன. கரிசல் கறுப்பைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்தக் கறுப்பு பிடிக்கவில்லை.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. காத்து அடங்கியிருக்கு. தீப்பெட்டி நமத்துப்போச்சு, உங்ககிட்ட இருக்கா?"

என் பையில் மேலாகவே இருந்தது கிளி லேபிள், பத்துப் பெட்டியும் பிரிக்காமல்.

"இல்லைப்பா" என்றேன்.

பண்டலை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டு ஒரு பிடி அரிசி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தான். விரலால் கிளறினான்.

"ஒரு நொய் இல்லையேக்கா. எந்தக் கடையில வாங்குனீங்க?"

நான் வைக்கோல் மேல் உட்கார்ந்தேன். சூடாக, மெத்தென்று இருந்தது.

"வாங்கலை. நீயும் உட்காரு, சொல்றேன்."